கடைசி வரிசையில் ஆறு பேர்

ஜூன் 18, புதன்

காலையிலிருந்து தூறல். குண்டசாலையில் பஸ் நிற்கவில்லை. த்ரீவீலரில் கண்டிக்கு.

ஆசிரியர் பயிற்சிச் செயலமர்வு எட்டரைக்கு. விளக்கேற்ற வேண்டிய பெரியவர் வந்தது பத்தே காலுக்கு. வரவேற்புரை. அவரைப் புகழ்ந்து இன்னொரு உரை.

நான் போனதே ஒரு பகுதிக்காக: மூன்றாம் தரத்திலும் வாசிக்க முடியாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது. என் வகுப்பில் நிவேதா. படத்தைப் பார்த்துக் கதையைச் சொல்லிவிடுவாள்; எழுத்தைக் காட்டினால் தலை குனிவாள். ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம். மிஞ்சியது நாற்பது நிமிடம். அதுவும் சிங்களத்தில்.

தமிழ் ஆசிரியைகள் ஆறு பேர், வழக்கம்போலக் கடைசி வரிசை. எனக்கு மட்டும் சிங்களம் சரளம். மடவளைப் பள்ளி ரிஸ்னா டீச்சர் கையைச் சுரண்டினார். "என்ன சொல்றாங்க டீச்சர்?" மற்ற ஐந்து பேர் பக்கம் திரும்பித் தமிழில் முணுமுணுத்தேன். முன்னால் பயிற்றுநர் அட்டைகளை வைத்து ஏதோ செய்துகாட்டினார். நான் பார்க்கவில்லை.

"மிஸ், கதா கரன்ன எபா." பயிற்றுநர், என்னைப் பார்த்து. பேசக் கூடாதாம். நாற்பத்தாறு வயதில் ஏச்சு.

என் கொப்பியில் தேதி, தலைப்பு. வேறொன்றுமில்லை.

போகும்போது படிவம். 'விளங்கியதா?' ஆறு பேரும் 'ஆம்' என்று கோடு போட்டோம். ஆறு வருடமாக இப்படித்தான். பிறகு விளங்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? பஸ்ஸில் வரும்போது கோபமெல்லாம் என் மேலேயே. நாளைக்கு வாயைத் திறப்பதில்லை.

வாங்க வேண்டியவை: குடை, தடித்த அட்டை.

ஜூன் 19, வியாழன்

வெயில். ரிஸ்னா மூன்று தடவை கையைச் சுரண்டிவிட்டார்.

"என்ன டீச்சர், கோவமா?"

"ஒங்க மேல இல்ல. அவங்ககிட்டயே கேளுங்க."

"சிங்களத்துலயா? சிரிப்பாங்க."

"தமிழ்லயே கேளுங்க."

கேட்டார். எழுந்து நின்று, முழு வாக்கியமாக. மண்டபமே திரும்பியது. பயிற்றுநருக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லோருக்கும் சிங்களம் விளங்கும் என்று கல்வி அலுவலகத்தில் சொன்னார்களாம்.

எங்களை முன்வரிசைக்குக் கூப்பிட்டார். நேற்று அட்டைகளில் காட்டியதை மறுபடி செய்தார், பேச்சில்லாமல், கையால். படத்தை மூடு. ஒரு சொல்லை மட்டும் திற. பிள்ளை சொல்லும்வரை பேசாதே, காத்திரு. பன்னிரண்டு நிமிடம். அவ்வளவுதான் விஷயம். இதற்கா இரண்டு நாள்?

ஜூன் 20, வெள்ளி

நிவேதா. படத்தை மூடினேன். காத்திருந்தேன். நாக்கு நுனிவரை வந்த உதவியை விழுங்கினேன். முதல் எழுத்தைச் சொன்னாள். பிறகு அழுதாள். எழுத்து சரி.

இடைவேளையில் ஃபோன். செயலமர்வு ஒருங்கிணைப்பாளர். எங்கள் ஆள்தான், நல்ல தமிழ்.

"டீச்சர், அடுத்த மாசம் நீங்களே மொழிபெயர்த்துருங்க. அழைப்பிதழ்ல பேர் போடுறோம்."

"நான் படிக்க வாறேன் சேர். வேற ஆளப் போடுங்க."

"ஆளுக்கு எங்க போறது?"

"அந்த ஆள் வாற வரைக்கும் விளக்கு ஏத்தாதீங்க. புதன்கிழமை பெரியவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம்தானே."

'நானே செய்றேன்' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். காத்திருந்தேன்.