சரிந்து நின்ற கம்பி

12 ஜனவரி 2009
இன்று ததேயுஸுக்கு முன்பல் இடத்தில், செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகு வைத்தேன். கடலுக்குப் போகிறவர், துடுப்பு அடித்துப் பல் போய்விட்டது. எலும்பில் துளையிட்டுத் திசை பார்க்கும் கம்பியைச் செருகினால், அது உதட்டை நோக்கிச் சரிந்து நின்றது. இருபத்தைந்து டிகிரி இருக்கும். தவறு என் கையுடையது. துளையை எலும்புத்தூள் வைத்து மூடி, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போட வேண்டும். ஆனால் மே மாதம் அவர் மகள் அஜிஷாவுக்குக் கல்யாணம்.

"எல்லாம் சரியா இருக்கா டாக்டரே?"

"நல்லா இருக்கு" என்றேன். திருகை இறக்கினேன். உதவிக்கு நின்ற பிரிஜா கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

4 மே 2009
சரிவை மறைக்கத் திருகின் மேல் வளைந்த இணைப்பு வைத்துப் பல்லை மாட்டினேன். வெளியே நேராகத்தான் தெரிகிறது. கண்ணாடியை வைத்துக்கொண்டு சிரித்து மாளவில்லை அவருக்கு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். எந்த முகத்தோடு போக?

18 மார்ச் 2010
எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றி எலும்பு, திருகின் ஒரு புரி அளவுக்குக் கரைந்து இறங்கியிருக்கிறது. முதல் வருஷம் இது சகஜம். சகஜம்தானா? சரிவாக வைத்தவையும் வருஷக்கணக்கில் நிற்பதாகப் படித்தேன். அவையெல்லாம் திட்டமிட்டு, நாலைந்தைச் சேர்த்துக் கட்டியவை. இது ஒற்றையாக நிற்கிறது.

2 செப்டம்பர் 2010
கோட்டாற்றில் ஒரு மின்கம்பம் சாய்ந்து நிற்கிறது. தினமும் வண்டியை நிறுத்திப் பார்க்கிறேன். எனக்குப் பைத்தியமா?

21 மார்ச் 2011
மூன்று புரி.

ஒரு வேலையாகக் கடற்கரைக்குப் போனேன் — பொய், அவரைப் பார்க்கத்தான் போனேன். கிழிந்த வலையை நூலால் பின்னிப் பொத்திக்கொண்டிருந்தார். நூலை முன்பல்லில் கடித்துப் பிடித்து, பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்து முடிச்சை இறுக்குகிறார். அதே பல்! நேரான திருகே அந்த இழுப்புக்குத் திணறும். நான் வயல்காட்டு வீட்டில் பிறந்தவன். பல்லால் என்ன வேலை செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே.

"இனிமே அந்தப் பல்லால நூல் கடிக்காதீங்க."

"கடிக்காம முடிச்சு எப்படி டாக்டரே விழும்?" என்று சிரித்தார். பிறகு, "நீங்க சொன்னா சரி. கால் வெரலுல மாட்டி இழுத்துக்கிடுதேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

10 பிப்ரவரி 2014
ஆடுகிறது.

11 பிப்ரவரி
நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. திருகு கையோடு வந்துவிட்டது. கூட வந்த மனைவி விக்டோரியா அவரைத் திட்டினார். "டாக்டரு படிச்சுப் படிச்சு சொன்னாவளே, கேட்டியளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்க தப்புதான் டாக்டரே. அவசரத்துல ரெண்டு மூணு தடவ கடிச்சுப்போட்டேன். மன்னிக்கணும்."

மன்னிப்பு — என்னிடம்! ஐயோ, எப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பேன்? அன்று சரிந்து நின்ற கம்பியிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ததேயுஸ் எழுந்து நின்ற பிறகு கேட்டார்:

"அண்ணைக்கே சொல்லியிருந்தா, கல்யாணத்துல நான் பல்லில்லாம நிண்ணிருப்பேன். அவ்வளவுதானே டாக்டரே?"

அவ்வளவுதான்.

30 ஜூன் 2014
அவர் வரவில்லை. பிரிஜா போன் செய்தாள், எடுக்கவில்லை. நூலை இப்போது எந்தப் பல்லில் கடிக்கிறாரோ.

17 நவம்பர் 2014
வந்தார்! சிரிப்பில்லை. "இந்தத் தடவ கம்பி எப்பிடி நிக்குதுண்ணு எனக்கும் காட்டணும்" என்றார். எலும்புத்தூள் வைத்தேன். ஆறு மாதம் காக்க வேண்டும் என்றதற்கு, "காக்கேன்" என்றார்.

25 மே 2015
துளையிட்டுக் கம்பியைச் செருகிவிட்டு, கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். உதட்டை விலக்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணால் என்னைக் கேட்டார். 'நல்லா இருக்கு' என்ற வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. பிரிஜாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் இரண்டு பக்கமும் போய்க் குனிந்து பார்த்தாள்.

"நேரா இருக்கு சார்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் திருகைக் கையில் எடுத்தேன்.