பாதி வடக்கு

பூந்தமல்லி, 10 பிப்ரவரி 1942

ரங்கூனிலிருந்து அவர் கடிதம். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து எல்லோரும் கிளம்புவதால் கப்பலில் இடமே இல்லையாம். ஏரோப்ளேனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். காலையில் ரங்கூன் மிங்கலடான் ஏரோப்ளேன் மைதானத்தில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கல்கத்தா டம்டமில் இறங்கிவிடலாமாம். அறுநூற்றைம்பது மைல்! நம் மாட்டு வண்டி குத்தம்பாக்கம் போய்த் திரும்புகிற நேரம். புளுகுகிறாரோ? புளுகட்டும், வந்து சேர்ந்தால் போதும்.

14 பிப்ரவரி

தந்தி வந்தது. செவ்வாய்க்கிழமை இடம் கிடைத்துவிட்டது! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாமனாரோ பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார்.

“செவ்வா கெழம வடக்கே சூலம். வியாழக்கெழம ஏறட்டும்.”

பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். கல்கத்தா நமக்குத்தான் வடக்கு, ரங்கூனுக்கு வடமேற்கு.

“பாதி வடக்கும் வடக்குதாம்மா.”

“பால் குடிச்சிட்டுக் கெளம்பினா சூலம் இல்லன்னு நீங்கதானே சொல்வீங்க, மாமா?”

“குண்டு வுழுற ஊர்ல பாலுக்கு எங்க போவான்?”

பதில் தந்தி கொடுக்கத் தபாலாபீசுக்குப் போய்விட்டார். அவரும் பிள்ளை நல்லபடியா வரணும்னுதானே... நான் இன்னா பண்ணட்டும்? கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

17 பிப்ரவரி

செவ்வாய். சாப்பிட உட்கார்ந்தேன். இந்நேரம் இறங்கியிருப்பாரோ? அந்தத் தந்தி போய்ச் சேராமல் இருக்கட்டும், மாரியம்மா.

26 பிப்ரவரி

நசரத்பேட்டை மணவாளன் வந்தான். ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்தவன். குண்டு விழுந்ததில் அடிபட்டு, காலில் கட்டு.

“அண்ணாத்த சீட்லதான் நான் வந்தேன், அண்ணி. ‘நைனா சொல்லைத் தட்டமாட்டேன், எனக்கு வியாழக்கெழம மாத்திக்கினேன், நீ போடா’ன்னாரு. கண்ணை மூடித் தெறக்கங்காட்டி கல்கத்தா.”

“வியாழக்கெழம?”

“டம்டம்லயே நின்னுகினு இருந்தேன். எறங்கினவங்க மூஞ்சி ஒண்ணொண்ணா பாத்தேன். அவரு இல்ல.” தலையைக் குனிந்துகொண்டான். “மறுநாள் ரங்கூனையே காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். ஜனம் நடந்து வருதாம், அண்ணி.”

மாமனார் கேட்டார்: “நடந்தா எத்தினி நாளாவும்?”

யாருக்குத் தெரியும்? ஆகாயத்தில் அரை நாள். தரையில் காடு, மலை, காலரா... கிழவரைத் திட்டலாம் என்று போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

9 மார்ச்

ரங்கூன் விழுந்துவிட்டது.

12 ஏப்ரல்

குண்டுக்குப் பயந்து பட்டணமே இங்கே குடிவருகிறது. தெரு முழுக்க மூட்டையும் முடிச்சுமாக வண்டிகள். யார் யாரோ வருகிறார்கள்.

5 மே

நடந்து வந்தவர்களைக் கல்கத்தாவில் முகாம்களில் வைத்திருக்கிறார்களாம். தேடிப் பார்க்க மாமனார் கிளம்பினார். மணவாளன் துணைக்கு. பஞ்சாங்கம் மாடத்திலேயே கிடந்தது.

படியிறங்கும்போது, “இன்னிக்கு இன்னா கெழமம்மா?” என்றார்.

“செவ்வாய், மாமா.”

கொஞ்சம் நின்றார். ஓடிப்போய்ப் பால் கொண்டுவந்து நீட்டினேன்.

“அவனுக்கு இல்லாத பாலு எனக்கு எதுக்கு?” என்றார். டம்ளரை என் கையிலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தார்.