கிழிக்காத புடவை

அம்மாவுக்கு வணக்கம். நான் நல்லா இருக்கேன். உங்களுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு? இந்தக் கடிதத்தை அப்பா வேண்டாம், அண்ணியே படிச்சுக் காட்டட்டும்.

இங்கே முதியோர் இல்லத்துல நான் பார்த்துக்கிட்ட டீச்சரம்மா போன வாரம் தவறிட்டாங்க. பயப்படாதீங்க, வயசானவங்கதான். மெத்தையைத் தூக்கினா அடியில நாலா மடிச்ச பழந்துணி. மூத்திரப்பை கீழே இறங்கி, மூத்திரம் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. சொல்லக் கூச்சப்பட்டு, துணி நனையக் கூடாதுன்னு தண்ணியே குடிக்காம இருந்து, மூத்திரத்துல கிருமி வந்து ரத்தத்துல கலந்துடுச்சு.

"உள்ளே ஒரு வளையம் வெச்சாலே இறங்காம தாங்கியிருக்கும். இல்லைன்னா ஆபரேஷன் இருக்கு"ன்னு டாக்டரம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க.

போன தடவை வந்தப்போ நம்ம கொடியில, உங்க புடவைக்கு அடியில மறைச்சு, பழைய புடவையைக் கிழிச்ச துண்டுங்க காஞ்சுது. பார்த்தேன். கேட்க வாய் வரலை.

அண்ணி, படிக்கிறதை இங்கே நிறுத்துங்க. அம்மாவுக்கு ஒரு சொம்பு தண்ணி கொடுத்து, குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. நாளைக்கே பொம்பளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

டியூட்டிக்கு நேரமாச்சு. இங்கே குளிர் தாங்கலை. போர்த்திக்க உங்க பழைய நூல் புடவை ஒண்ணு அனுப்புங்கம்மா, கிழிக்காதது ஏதாவது மிச்சம் இருந்தா.

உங்க மக