கதவைப் பூட்டியவர்

ஜூன் 3, செவ்வாய்

நாவல் வெளிவந்து ஒரு மாதம் ஆகிறது. இன்று நான் ரத்தம் எடுக்கும் பரிசோதனை நிலையத்துக்குச் சர்க்கரை பார்க்க வந்த பெரியவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அந்த நாவல் எழுதினது நீதானேம்மா? எங்க தையல்காரங்களுக்கு ஏன் ரெண்டே அத்தியாயம்?" கையை நீட்டிக்கொண்டே திட்டினார். ஊசி ஏறியதுகூட அவருக்குத் தெரியவில்லை. போகும்போது, "மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்றார். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். வேறென்ன சொல்வது?

ஜூன் 7, சனி

நாவலில் வரும் காவல்காரருக்கு உரிமை கொண்டாட இன்று மூன்றாவது குடும்பம் வந்தது. கொல்லர் வீட்டுப் பேரன். "அவரு எங்க கொள்ளுத் தாத்தாதான். மீசைகூட அப்படியே இருக்கு!"

நூறு வருடத்துக்கு முந்தைய எங்கள் தெருதான் கதை. நாலு மொழிக்காரர்கள், எண்ணெய் வியாபாரிகள், தையல்காரர்கள், கொல்லர்கள், படகோட்டிகள். காய்ச்சல் பரவியபோது, துறைமுகத்திலிருந்து திரும்பிய படகோட்டிக் குடும்பங்களை உள்ளே விடாமல் தெருக்கதவைப் பூட்டிவிட்டார்கள். அது நடந்தது. பூட்டியவர் எண்ணெய் வியாபாரி, எங்கள் கொள்ளுத் தாத்தா. அதுவும் நடந்தது, அப்பா அண்ணனிடமும் என்னிடமும் சொல்லியிருக்கிறார். கதவைத் திறந்துவிடும் அந்தக் காவல்காரர் மட்டும் என் கற்பனை. மீசை உட்பட.

பூட்டியவருக்குச் சொந்தம் கொண்டாட ஒருவரும் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் படித்துவிட்டான்.

"வீட்டு விஷயத்தை இப்படிச் சந்தி சிரிக்க வெச்சிட்டியே! ஊரே பூட்டச் சொல்லுச்சு, அவர் பூட்டினார். பேர் கெட்டது நம்ம வீட்டுக்கா?" அடுத்த பதிப்பில் 'எண்ணெய் வியாபாரி' என்பதை 'யாரோ ஒரு வியாபாரி' என்று மாற்ற வேண்டுமாம். இல்லையென்றால் அவன் வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாதாம்.

போனை வைத்தபின் அழுதேன். அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வெச்சது இவன்தானே. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மாத்தினா என்ன குறைஞ்சுடும்? யாருக்குத் தெரியப் போகுது? — எனக்குத் தெரியும்.

ஜூன் 14, சனி

மாதக் கடைசியில் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறதாம். "மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார் பதிப்பாளர். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

அண்ணன் பேசவில்லை. நானும்.

ஜூன் 22, ஞாயிறு

நூலகத்தில் வாசகர் கூட்டம். நாற்காலிகள் போதவில்லை. காவல்காரர் யார் வீட்டு ஆள் என்று தையல்காரர்களும் கொல்லர்களும் கிட்டத்தட்ட கைகலப்புக்கே போய்விட்டார்கள். கற்பனை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. "அடக்கமா பேசுறாங்க" என்றார் ஒருவர்.

அப்போது ஒரு நர்ஸ் எழுந்தாள். படகோட்டிக் குடும்பத்துப் பெண். "திறந்தவருக்கு இத்தனை பேர் வந்திருக்கீங்க. பூட்டின எண்ணெய் வியாபாரி யாரு? அவர் வீட்ல இருந்து யாராவது வந்திருக்காங்களா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழ வேண்டும். எழவில்லை.

கடைசி வரிசையிலிருந்து அண்ணன் குரல். அவன் வந்திருந்ததே எனக்குத் தெரியாது.

"நாங்கதான்மா. எங்க கொள்ளுத் தாத்தா." எழுந்து நின்றான். "இன்னொண்ணும் சொல்லிடறேன். கதை நல்லா முடியட்டும்னு இவ அப்படி எழுதிட்டா. நிஜத்துல அந்தக் கதவை யாரும் திறக்கல."

நர்ஸ் தலையசைத்தாள். "தெரியும்ணே. எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்வாங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிப் போய்விட்டான்.

ஜூன் 23, திங்கள்

பதிப்பாளரிடம் ஒரே ஒரு மாற்றம் சொன்னேன். எண்ணெய் வியாபாரி அப்படியே இருக்கட்டும். காவல்காரர் கதவைத் திறக்க மாட்டார். "ஐயோ, மூணு குடும்பமும் சண்டைக்கு வருமே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வரட்டும். கடைசி அத்தியாயத்தைக் கதவுக்கு வெளியே இருந்து எழுத வேண்டும். அந்த நர்ஸை வியாழக்கிழமை பார்க்கிறேன்.

ஜூன் 25, புதன்

அண்ணி பேசினார். "உங்க அண்ணனுக்குக் கோவம் இன்னும் ஆறலை. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து வாங்கிக் கட்டிக்கணுமாம். சாப்பாடு போட்டுட்டுத்தான் திட்டுவாராம்."