செவ்வாயும் வெள்ளியும்

வைட்ஃபீல்ட்
4.6.2025

அப்பாவுக்கு,

நேற்று ஸ்கேனுக்குத் தனியாகவே போய்வந்தேன். எனக்கு ஏழாவது மாதம், சுதீர் புனேயில். அரை நாள் கூட இருங்கள் என்றுதானே கேட்டேன்? "செவ்வாய், வெள்ளி மட்டும் முடியாது" என்றீர்கள். காரணம் விஜி சித்தி சொல்லித்தான் தெரிந்தது. அல்சூரில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கும் ஒருவருக்குப் புண் துடைத்துக் கட்டுப் போடப் போகிறீர்களாம். தன்னார்வலராம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா சாகும்வரை பதினோரு மாதம் படுத்திருந்தாளே, அவள் முதுகிலும் புண்தானே? ஒரு நாள் தொட்டிருப்பீர்களா? ஆபீஸிலிருந்து வந்து அறை வாசலில் நின்று "சாப்பிட்டாளா?" என்பீர்கள். அவ்வளவுதான். உங்கள் குரல் கேட்டாலே அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொள்வாள். அது உங்களுக்குத் தெரியுமா?

போனில் கேட்டால் வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நிருபமா

மல்லேஸ்வரம்
9.6.2025

சௌ. நிருபமாவுக்கு ஆசீர்வாதம்.

அப்பாவுக்கு இப்படியா எழுதுவது? ஒப்புக்கொண்ட காரியத்தைச் செய்கிறேன், அது குற்றமா?

ரிடையரான பிறகு தொண்டு செய்ய எத்தனை இடம் ஏறி இறங்கினேன் தெரியுமா? ஓர் இடத்தில் டீ-ஷர்ட் மாட்டி, போன வருஷம் நட்ட குழியிலேயே மறுபடி செடி நடச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் பிஸ்கட் கொடுப்பதுபோல் போட்டோ. சீ என்று வந்துவிட்டேன். நோயாளிகளின் வீட்டுக்கே போகிற இந்த அமைப்பில்தான் மமதா என்ற பெண் முகத்துக்கு நேரே கேட்டாள்: "நாலு வாரம் வந்துட்டு நின்னுடறவங்க வேண்டாம் சார். படுத்திருக்கிறவங்களுக்கு அது இன்னொரு அடி. ரெண்டு வருஷம் முடியுமா?" கோபம்தான் வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். பயிற்சி கொடுத்தார்கள். பதினான்கு மாதமாக ஒரு நாள் தவறவில்லை.

மற்ற ஐந்து நாளும் உன்னிடம் வருகிறேன். அம்மா பேச்சை இதில் இழுக்காதே.

அப்பா

வைட்ஃபீல்ட்
12.6.2025

அப்பா,

இழுக்கத்தான் செய்வேன். பயிற்சியா? அம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லட்சுமம்மா, "வாங்க சார், சொல்லித்தர்றேன்" என்று எத்தனை முறை கூப்பிட்டாள்? "மீட்டிங் இருக்கு" என்று ஓடினீர்கள். அந்த அல்சூர்க்காரருக்கு இதெல்லாம் தெரியுமா? சொல்லிப் பாருங்கள்.

மீந்த நாட்கள் எனக்கு வேண்டாம். சுதீரின் அம்மா வருகிறார்.

நிருபமா

மல்லேஸ்வரம்
18.6.2025

நிருபமா,

நேற்று அந்த அல்சூர்க்காரர் ஆதிகேசவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவிழ்ந்து படுத்திருந்ததால் அவர் முகம் தெரியவில்லை.

"நிறுத்துங்க சாரே," என்றார். "சம்சாரத்துக்கு செய்யாதத எனக்கு செஞ்சு பாவத்த கழுவுறீங்களா? அதுக்குத்தான் என் புண்ணு கெடச்சுதா? புள்ளத்தாச்சிப் பொண்ண தனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு இங்க வந்து குந்தினு இருக்கீங்க. எழுந்து போங்க."

அவர் மனைவி பாஞ்சாலி என் கையிலிருந்த பஞ்சை வாங்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் நின்றேன். முதலில் உன்மேலும் அவர்மேலும் கோபமாக வந்தது. பிறகு அதுவும் இல்லை. மீட்டிங் எல்லாம் பொய், நிருபமா. எனக்குப் பயம். அந்த நாற்றம், அவள் என்னைப் பார்க்கிற பார்வை, இரண்டையும் தாங்க முடியவில்லை. அதை அவளிடமாவது சொல்லியிருக்கலாம்.

என் பெயரை எடுத்துவிடும்படி மமதாவிடம் சொல்லிவிட்டேன். இனி எல்லா நாளும் உனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

அப்பா

வைட்ஃபீல்ட்
21.6.2025

அப்பா,

பெயரை எடுக்கச் சொன்னீர்களா? யாரைக் கேட்டு?

ஒரு நாள் திட்டினால் போய்விடுவதா? பதினான்கு மாதம் உங்களிடம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தவருக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா? அவரிடம் சொல்லச் சொன்னேனே தவிர, அவரை விடச் சொல்லவில்லை. இதுவும் ஓட்டம்தான் அப்பா. இந்தத் தடவை சாக்கு நான்.

மமதாவிடம் இன்றே பேசுங்கள். செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போங்கள். கதவைத் திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமையும் போங்கள். பாவம் புண்ணியம் எதுவும் பேச வேண்டாம். கட்டு மாற்ற வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

என் கோபம் ஆறவில்லை. ஆறுமா என்றும் தெரியவில்லை. இந்த ஞாயிறு வராதீர்கள். ஆதிகேசவன் உங்களை உள்ளே விட்ட பிறகு வாருங்கள். சுதீரின் அம்மா முன்னால் நான் கத்த மாட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நிருபமா