உன் பெயரில் கட்டிய தண்ணீர்த்தொட்டி

படுவான்கரை மாட்டுப் பட்டிகளுக்கெல்லாம் முடிசூடா மன்னனே, நடந்து வந்தால் காளைகளும் எழுந்து நின்று வழிவிட்ட என் அருமை மச்சான் தம்பிராசா,

மேலே சௌக்கியமா? இங்கே நான் கொதித்துக்கொண்டிருக்கிறேன். என் தலையில் உலை வைத்தால் மண்டூர்த் திருவிழாவுக்கு வரும் சனம் முழுவதற்கும் சோறாக்கலாம். காரணம் நீ. சரியாகச் சொன்னால், உன் பெயரில் நிற்கிற தண்ணீர்த்தொட்டி.

நீ போன பிறகு, கத்தாரிலிருந்து உன் மகன் ரவி ஆசை ஆசையாய்க் கட்டுவித்தது. நம் மேய்ச்சல் தரையின் நட்டநடுவில், குழாய்க்கிணற்றோடு, உன் பெயர் வெட்டிய கறுப்புப் பளிங்கோடு. "இனி மாடுகள் தண்ணிக்கு அலையத் தேவையில்ல" என்று பண்ணையாளர் சங்கத் தலைவர் திறந்துவைத்துப் பேசினார். மாடுகள் அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிட்டன, மச்சான். அன்றிலிருந்து அவை எங்கேயும் அலையவில்லை.

நீ என்ன செய்தாய்? நீலப் பீப்பாய்களை நெடுக்காகப் பிளந்து லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி, இன்றைக்கு மருதமரத்தடி, சில நாள் கழித்து வடக்கு மேடு என்று தண்ணீரைத் தூக்கிக்கொண்டு திரிந்தாய். தண்ணீருக்குப் பின்னால் பட்டி போனது. பட்டி போன இடமெல்லாம் சாணியும் மூத்திரமும் பரவின. மேய்ந்த இடம் ஆறியது, புல் மறுபடி வேர்விட்டது. உன்னை விசரன், பைத்தியக்காரன் என்றார்கள்.

இப்போது கோடை, மாரி எல்லாம் பட்டி தொட்டியடியிலேயே கிடக்கிறது. ஈரத்தில் மிதித்து மிதித்து மண்ணின் மூச்சுத் துளைகளெல்லாம் அடைபட்டுவிட்டன. குழி தோண்டும் அலவாங்கை ஓங்கிப் போட்டேன். அது துள்ளிய சத்தத்தில் நம் வாவியில் பாடுவதாகச் சொல்லும் மீன்கள்கூட வாயை மூடிக்கொண்டன. அங்கே விமானம் இறக்கலாம். மழை பெய்தால் ஒரு சொட்டு உள்ளே போவதில்லை. மிச்சமிருக்கிற மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு ஓடைக்கு ஓடுகிறது. தரை முழுவதற்கும் போகவேண்டிய உரம் ஒரே இடத்தில் குவிந்து நாறுகிறது. ஓரங்களிலோ சாணி காணாமல் வெளிறிய மண். அதில் மாடு முகராத இலுக்குப்புல், என் நெஞ்சளவுக்கு.

இதற்குச் சங்கம் கண்ட மருந்து என்ன தெரியுமா? மாடு கூடிவிட்டதாம்! இந்த மாரியிலும் புல் எழும்பாவிட்டால் பட்டிகளை விற்கவேண்டுமாம், முதலில், சொந்தக்காரன் போய்விட்ட உன் பட்டியை. உன் செல்லப் பசு வெள்ளச்சியின் விலா எலும்புகள் வாவிக்கு அக்கரையில் களுதாவளையிலிருந்து பார்த்தாலும் தெரியும். அவளை எவன் வாங்குவான், இறைச்சிக்கடைக்காரனைத் தவிர?

ரவிக்குப் போன் எடுத்தேன். தொட்டியை உடைக்கவேண்டும் என்றேன்.

"மாமா, அப்பாட பேரையா உடைக்கப்போறீங்க?"

"பேர இல்லடா மருமகனே, சீமெந்த."

"ஊர்ச்சனம் என்ன சொல்லும்?"

"ஊர்ச்சனமா புல்லுத் தின்னுது?"

வைத்துவிட்டான். என் தங்கச்சி பூமணி, உன் பெண்சாதி, அவனைவிட மோசம். விஷயம் காதில் விழுந்ததும் எனக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள். காற்றடித்தால் நான் பறந்துபோய் வாவியில் விழுகிற நிலை. கடைசியில் அவளை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டுபோய்த் தொட்டியடியில் இறக்கினேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பெருவிரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள், பெயரவில்லை. வெள்ளச்சி வந்து அவள் சேலைத் தலைப்பை நக்கியது. பளிங்கில் உன் பெயர்மேல் கையை வைத்தபடி என்மேல் பாய்ந்தாள்:

"உசிரோட இருக்கக்குள்ள ஒரு இடத்தில நிக்காத மனிசன்! செத்த பிறகு ஏன் அண்ணன் இப்படிக் கொண்டுவந்து நட்டு வெச்சிருக்கிறீங்க?"

நானா நட்டேன்? ஆனாலும், அவள் கோபத்தில் இருக்கும்போது வாயைத் திறந்து நீ பட்ட பாடெல்லாம் எனக்குத் தெரியும்.

அன்று அவளே ரவியோடு பேசினாள். என்ன சொன்னாளோ, மறுநாள் அவனிடமிருந்து எனக்குச் செய்தி: "மாமா, அந்த நீலப் பீப்பாய்கள் எங்க இருக்கு?"

உன்மேலும் எனக்குக் கோபம்தான், மச்சான். ஏன் இப்படி அலைகிறாய் என்று கேட்டால், "மண்ணும் களைக்கும்தானே" என்று சிரித்துவிட்டுப் போனாய். உட்காரவைத்து ஒரு நாள் விளக்கினால் என்ன? அவ்வளவு அவசரமாய் எங்கே போனாய்?

சரி, கேள். உன் இந்த வருஷத் திவசத்தன்று, படையலுக்கு முன், தொட்டி உடைபடும். முதல் அடி என்னுடையது. கிணற்றுத் தண்ணீர் பீப்பாயில் ஏறி நீ போன வழியெல்லாம் போகும். இறுகிக் கிடக்கும் அந்த வட்டத்துக்கு முள்வேலி போடுவேன்; மாரி முடியும்வரை ஒரு குளம்பு உள்ளே வராது. சங்கத் தலைவரே வந்தாலும் மேயவிடமாட்டேன். பளிங்கை என்ன செய்வதென்று பூமணி இன்னும் சொல்லவில்லை.

உன் பட்டியில் ஒரு கன்றுகூட விலைபோகாது. இது சத்தியம். அப்படியும் புல் முளைக்கமாட்டேன் என்றால், நானே அந்தத் தரையில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். என்மேல் முளைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பூமணியின் தமையன்,
உன் பிள்ளைகளின் வாய்கெட்ட மாமன்