சிவப்பு விளக்கை நம்பிய காபி ஜன்னல்

ஏப்ரல் 5, செவ்வாய்

மழை இல்லை. நல்ல வியாபாரம். மழை இல்லாத நாளில் பெல்வில் மேட்டிலிருந்து சைக்கிள்கள் கூட்டமாக இறங்கும். எங்கள் மூலைக்கு வரும்போது சிவப்பு விழும். நிற்பார்கள். நின்ற இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என் ஜன்னல்.

இந்த ஜன்னலைத் திறந்தது என் மூளை. கடைக்குள் நின்று குடிப்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். போனவர்களில் பாதி கல்லறைக்கு, பாதி ஊர்ப்பக்கம். சுவரை உடைத்தேன். கறிக்கடைக்காரனின் சைக்கிளை இரவல் வாங்கி, அதில் நானே ஏறி உட்கார்ந்து, முழங்கை எங்கே வருகிறது என்று பார்த்து அந்த உயரத்தில் பலகை வைத்தேன். ஒரு கால் நடைபாதை விளிம்பில், ஒரு முழங்கை என் பலகையில். மஞ்சள் விழும்போது மெஷினை அமுக்கினால், சிவப்பு முடிவதற்குள் காபி கையில் இருக்கும்.

பாரிஸில் சைக்கிள்காரன் சிவப்புக்கு நிற்பானா என்று கேட்டால் சிரிப்பார்கள். இங்கே நிற்பான். ஏனென்றால் என் கதவோரம் எப்போதும் இரண்டு போலீஸ்காரர்கள் அபராதப் புத்தகத்தோடு நிற்பார்கள். அவர்கள் ஏன் இந்த மூலையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? இந்த வட்டாரத்திலேயே சுத்தமான கழிவறை என்னுடையது. யாருக்கும் சொல்லாத தொழில் ரகசியம்.

இன்று மஞ்சள் ஹெல்மெட்காரி அனாயிஸ், சைக்கிள் சங்கத்துச் செயலாளர், காபியை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "மேடம், நல்ல சேதி! இந்த சிக்னலுக்குச் சின்ன முக்கோணப் பலகை வருது. சைக்கிள் படம் போட்டது. இனிமே சிவப்பா இருந்தாலும் நாங்க நேரா போயிக்கலாம். மூணு வருஷமா சண்டை போட்டு வாங்கினோம்."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன்.

ஏப்ரல் 6

சந்தோஷமாவது ஒன்றாவது.

ஏப்ரல் 14, வியாழன்

வட்டாரக் கூட்டம், பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில். பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. முழங்கால் மோவாயில் இடிக்கிறது. இந்த நிலையில் யாரும் கோபமாகப் பேசினால் எடுபடாது — நகராட்சிக்காரர்கள் தெரிந்தேதான் இங்கே கூட்டுகிறார்களோ?

ஆனாலும் பேசினேன். முதியவர்கள் பற்றி. தள்ளாத வயதில் சாலையைக் கடக்க வெள்ளைக் கோட்டில் அடியெடுத்து வைக்கும் பெரியவர்கள் மேல் சைக்கிள் பாய்ந்தால் யார் பொறுப்பு? குரல்கூட லேசாக நடுங்கியது. நன்றாகத்தான் வந்தது.

பின்னாலிருந்து ரெஜிஸ் — ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், என் கவுண்ட்டரின் நிரந்தரச் சொத்து — கத்தினான்: "முதலாளியம்மா! வயசானவங்க மேல திடீர்னு என்ன இவ்வளவு பாசம்? நேத்துத்தான் என்னை 'குடிச்சா கெளம்பு, எடத்த அடைக்காத'ன்னு வெரட்டினீங்க!"

அறை முழுக்கச் சிரிப்பு.

நகராட்சி அம்மா பொறுமையாக விளக்கினாள். பலகை இருந்தாலும், நடந்து கடப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. ஆள் கடந்தால் சைக்கிள் நின்றே ஆக வேண்டும். ஆள் இல்லையென்றால் போகலாம். அவ்வளவுதான்.

கடைசியில் எதிர் மூலை பேக்கரி லெக்கியென் எழுந்தார். "எனக்கு இதில் எந்த ஆட்சேபணையும் இல்லை." நான் எதிர்க்கிறேன் என்பதைத் தவிர அவருக்கு இதில் வேறு காரணம் கிடையாது. முன்னொரு காலத்தில் நான் கவுண்ட்டரில் ஒரு கூடை க்ரோசான், அந்தப் பிறை வடிவ வெண்ணெய் ரொட்டி, வைத்தேன். அடுத்த வாரமே அவர் பேக்கரியில் காபி மெஷின் வைத்தார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் கடை வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டே தினமும் பன்னிரண்டு மணிநேரம் பேசாமல் இருப்பது சுலபமில்லை. இருவரும் திறமைசாலிகள்.

ஏப்ரல் 19, செவ்வாய்

செல்போன் கடை ஆள் மறுபடி வந்தான். டை, புன்னகை, வாசனை. கடை உரிமையை விற்றுவிடச் சொல்கிறான். ஜூன் கடைசிக்குள் பதில் வேண்டுமாம், அதற்குப் பிறகு அடுத்த தெருவில் எடுத்துக்கொள்வார்களாம்.

"யோசிச்சுப் பாருங்க மேடம். ஓய்வெடுக்கலாம். ஊருக்குப் போகலாம்."

ஊரில் என்ன இருக்கிறது? மாடு இருக்கிறது. அந்த மாட்டிடமிருந்து தப்பித்துத்தான் பதினேழு வயதில் இங்கே கோப்பை கழுவ வந்தேன்.

ஆனால் அவனை விரட்டவில்லை. அட்டையை வாங்கிக் கல்லாவில் போட்டேன். ஜன்னல் ஓடாவிட்டால் இந்தக் கடை கோடையைத் தாண்டாது. எனக்கே நான் பொய் சொல்லிக்கொள்ள முடியாதே.

மே 2, திங்கள்

பலகை மாட்டிவிட்டார்கள். ஏணியில் ஏறுவதற்கு முன் மாட்ட வந்த ஆள் என் ஜன்னலில்தான் காபி குடித்தான். நானே கொடுத்தேன். கூலி வாங்கிக்கொண்டு என் சவப்பெட்டிக்கு ஆணி அடிக்க வந்தவனுக்கு சர்க்கரை எத்தனை என்றும் கேட்டேன்.

மே 3, செவ்வாய்

முதலில் எல்லோரும் நின்றார்கள்! பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். நேரே போகலாமா, வலதுபக்கம் மட்டுமா? வலதுபக்கம் ரோடே இல்லையே, என் கடைதானே இருக்கிறது? இரண்டு பேர் கத்திக்கொண்டார்கள். மூன்றாவது ஒருத்தி சட்டத்தைக் கைப்பேசியில் வாசித்துக் காட்டினாள். பாரிஸ்காரனுக்கு அனுமதி கொடுத்தால் முதலில் அதைப் பற்றி வாதம் செய்வான். அத்தனை பேரும் வாதம் செய்துகொண்டே காபி குடித்தார்கள். எனக்கு நப்பாசை.

மே 6

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒருவனும் நிற்பதில்லை.

மே 10, செவ்வாய்

ஜன்னலில் நான் நிற்கிறேன், எனக்கு முன்னால் சர் சர்ரென்று போகிறார்கள். சிலர் கை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். "வணக்கம் மேடம்!" வணக்கத்தை மெஷினில் போட்டா பொடிப்பது?

போலீஸ்காரர்களும் விடைபெற்றுக்கொண்டார்கள். பெரியவர், மீசைக்காரர், வருத்தமாகத்தான் இருந்தார். "இங்க பிடிக்க ஆளே இல்ல மேடம். ஸ்டேஷன் பக்கத்து மூலைக்குப் போடுறாங்க. அங்க கழிவறை... சரி விடுங்க."

நான் நாள் முழுவதும் மஞ்சளுக்கு மெஷினை அமுக்குகிறேன். பழக்கம். கொட்டுகிறேன்.

மே 12, வியாழன்

கூட்டத்தில் அந்த நகராட்சி அம்மா சொன்னது ராத்திரி முழுக்க மண்டையில் சுற்றியது. ஆள் கடந்தால் சைக்கிள் நிற்க வேண்டும். சரி. அப்படியென்றால் எனக்கு வேண்டியது சைக்கிள்காரர்கள் இல்லை, கடக்கிற ஆட்கள்.

காலையில் ரெஜிஸைக் கூப்பிட்டேன். "சிவப்பு விழுந்ததும் வெள்ளைக் கோட்டில அந்தப் பக்கம் போ. அடுத்த சிவப்புக்கு இந்தப் பக்கம் வா. மெதுவா."

"எதுக்கு?"

"உடம்புக்கு நல்லது."

"என் உடம்புக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவைக்கு ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின்."

"ரெண்டு தடவைக்கு ஒண்ணு."

ஒப்புக்கொண்டான். முதல் ஒரு மணிநேரம் பிரமாதம். ரெஜிஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி நடந்தான், சைக்கிள்கள் வரிசையாக நின்றன, நான் ஆறு காபி விற்றேன். பிறகு ஒயின் வேலை செய்ய ஆரம்பித்தது. வெள்ளைக் கோட்டின் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் விரித்து, பஸ் டிரைவராக முப்பது வருஷம் சைக்கிள்களால் பட்ட துன்பத்தையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். பச்சை விழுந்தும் நகரவில்லை. கார்கள் ஹாரன். கடைசியில் அனாயிஸ் இறங்கி, அவன் தோளைப் பிடித்து என்னிடம் கொண்டுவந்து விட்டாள்.

"பாவம் மேடம், இவருக்கு வழி தெரியல போல. காலைலேருந்து அங்கயும் இங்கயுமா அலையுறாரு."

எதிரே லெக்கியென் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

மே 20, வெள்ளி

க்ரோசான் சுடுகிற என் மின்அடுப்பு புகைந்து நின்றுவிட்டது. மெக்கானிக் அடுத்த வாரம்தான் வருவானாம். இதுவும் இப்போதுதான் வர வேண்டுமா?

காலையில் உள்ளே வந்தவர்களிடம், "க்ரோசான் வேணும்னா எதிர்ல வாங்கிட்டு வாங்க, இங்க உக்காந்து சாப்பிடுங்க" என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வர எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவன் ரெஜிஸ் ஒருவன்தான். தொப்பியைக் கழற்றினான்.

போனார்கள். வாங்கினார்கள். திரும்பி வந்தார்கள். கையில் சூடான காகிதப் பொட்டலம், வெண்ணெய் ஊறியது, அவசரம் இல்லாத நடை. சைக்கிள்கள் நின்றன. ஒரு பெண் நின்ற இடத்திலேயே மூக்கை நிமிர்த்தி, பொட்டலத்தைப் பார்த்தாள், என் ஜன்னலைப் பார்த்தாள், "ஒரு காபி" என்றாள்.

இரண்டு கோப்பையைக் கை தவறிப் போட்டேன். சந்தோஷத்தில்.

மே 24, செவ்வாய்

போனேன். நானே. மதியம், கூட்டம் இல்லாத நேரம். பேக்கரிக் கதவு மணி அடித்ததும் லெக்கியென் நிமிர்ந்து பார்த்தார். கை முழுக்க மாவு.

"என்ன வேணும் மேடம்? ரொட்டியா?"

"ஒப்பந்தம்."

நான் சுற்றி வளைக்கவில்லை. "முசியே லெக்கியென், அந்தக் காபி மெஷினைத் துணி போட்டு மூடுங்க. நான் க்ரோசான் கூடையைத் தூக்கிடறேன். காபி என்கிட்ட, க்ரோசான் உங்ககிட்ட."

"உங்க கூடைல இருக்கறது க்ரோசானா? ஐஸ்ல வச்ச பழைய செருப்பு."

"உங்க காபி குடிச்சவன் நேரா என் கழிவறைக்குத்தான் ஓடி வரான். பன்னெண்டு வருஷமா நான் வாயத் திறக்கல."

முகம் சிவந்தது. பிறகு, "அந்த மெஷின் நல்ல மெஷின் இல்லதான்" என்றார் மெதுவாக. "தினம் காலைல என்னைப் பார்த்துச் சீறுது. ஆனா எதுக்கு இப்போ? உங்களுக்கு என்ன லாபம்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி யோசித்தேன். வியாபாரியிடம் வியாபாரி பொய் சொன்னால் பேரம் படியாது. சொல்லிவிட்டேன். காலைச் சாப்பாடு வேண்டும் என்கிற ஒவ்வொருவனும் வெள்ளைக் கோட்டைக் கடந்தாக வேண்டும். கடந்தால் சைக்கிள் நிற்கும். நின்றால் ஜன்னல்.

கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. முன்பல்லில் ஒன்று கோணல். "அப்போ என் க்ரோசான் வாங்கறவன் எல்லாம் உங்களுக்கு சிவப்பு விளக்கா?"

"ஆமா."

"பஸ் டிரைவரை விட மலிவுதான்."

மாவுக் கையை நீட்டினார். குலுக்கினேன். என் கறுப்புப் பாவாடை இன்னும் வெளுத்துக் கிடக்கிறது.

ஜூன் 7, செவ்வாய்

நடக்கிறது. அவர் வாசலில் வரிசை. அந்த வரிசையிலிருந்து என் கவுண்ட்டருக்கு இன்னொரு வரிசை, சாலையின் குறுக்கே, எறும்பு மாதிரி. சைக்கிள்கள் நிற்கின்றன. ஜன்னல் பழைய கணக்கில் பாதிக்கு வந்துவிட்டது.

பாதிதான். அதை மறக்கக் கூடாது.

ஜூன் 16, வியாழன்

அனாயிஸ் சங்கத்து ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். படம் எடுத்தார்கள். "பாரிஸ்லயே நடக்கறவங்களுக்கு இவ்வளவு ஒழுங்கா வழிவிடற மூலை இதுதான் மேடம்! எங்க ஆளுங்க திருந்திட்டாங்க. நீங்க அன்னிக்குக் கூட்டத்துல பெரியவங்களுக்காகப் பேசினது எல்லார் மனசையும் தொட்டிருக்கு."

ரெஜிஸ் வாயில் இருந்த ஒயினைச் சட்டையில் துப்பினான்.

"ஆமாம்மா" என்றேன். "மனசுல பட்டதச் சொன்னேன்."

ஒன்று கவனித்தேன். அந்த நாலு பேரும் சைக்கிளைக் கம்பத்தில் பூட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னல் திறந்ததிலிருந்து காபிக்காகச் சைக்கிளை விட்டு ஒருவன் இறங்கி நான் பார்த்ததில்லை. முன்பெல்லாம் காபி வாயில் இருந்தாலும் கண் விளக்கில் இருக்கும், பச்சை விழுந்தால் பாதிக் கோப்பையைப் பலகையில் வைத்துவிட்டுப் பறப்பான். பின்னாலிருப்பவன் மணி அடிப்பான். இப்போது பச்சைக்கு யாரும் காத்திருப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். அதனாலோ என்னவோ கிளம்புகிறதில்லை.

அப்படியா? இல்லை வெயிலா? நான் அவசரப்பட்டு எதையும் நம்ப மாட்டேன்.

ஜூன் 30, வியாழன்

செல்போன் கடை ஆள் வந்தான். உட்கார இடம் இல்லாததால் பேரத்தை நின்றுகொண்டே பேசினான். பக்கத்தில் ஒருத்தி அவன் டையில் ஜாம் தடவிவிட்டாள், தெரியாமல்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உள்ளே போய் கோப்பைகளைக் கழுவினேன். கழுவி வைத்த கோப்பைகளையே.

ஜூலை 4, திங்கள்

திங்கள் பேக்கரிக்கு விடுமுறை. ஆறு நாள் எறும்பு வரிசை ஓடும், ஏழாவது நாள் வெள்ளைக் கோடு காலி. கடக்க ஆள் இல்லை. செல்போன்காரனுக்குப் பதில் சொல்லி அனுப்பியதற்குப் பிறகு வரும் முதல் திங்கள் என்பதால், காலையில் ஜன்னலைத் திறக்கும் முன் ஜன்னல் பலகையை இரண்டு தடவை துடைத்தேன்.

மஞ்சள். சிவப்பு. மேட்டிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். குறுக்கே ஒரு பூனைகூட இல்லை. பலகை அவர்களைப் போ போ என்கிறது. மூன்று பேர் போய்விட்டார்கள். மற்ற மூன்று பேர் வேகத்தைக் குறைத்து, இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்கள்.

"என்னம்மா, யாரும் கடக்கலையே?" என்றேன் முன்னால் வந்தவளிடம்.

"யார் கடக்கணும்?" என்றாள் புரியாமல். "காபி குடிக்கலாம்னு வந்தேன். இன்னிக்கு இல்லையா?"

இருக்கிறது என்றேன். எட்டரைக்குள் உள்ளே எல்லா நாற்காலியும் போய்விட்டது. ரெஜிஸ் ஒரு சைக்கிள்காரியிடம் பஸ் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான், அவள் சிரிக்கிறாள்.

ஒன்பது மணிக்கு லெக்கியென் வந்தார். மாவு இல்லாமல், நீலச் சட்டை, தலை வாரியிருந்தது. வீட்டில் தனக்கென்று சுட்ட க்ரோசான் இரண்டு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"இன்னிக்கு எனக்கு லீவு. உக்காந்து ஒரு காபி குடிக்கலாம்னு வந்தா, உக்காரவே எடம் இல்லையே மேடம்!"

"கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் வா" என்றேன். "அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ. கோப்பை மேல இடிச்சுக்காத."

சொன்ன பிறகுதான் 'வா' என்று சொன்னது உறைத்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். துணியைப் பிரித்து ஒரு க்ரோசானை என் பக்கம் நகர்த்தினார்.